திருப்பாச்சேத்திப் பட்டறையில் ஒரு படைக்கத்தி

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த ஒரு சித்திரை மாதத்தில், மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியிலுள்ள திருப்பாச்சேத்திக்கு நான் வரைந்த ஒரு கத்தியின் படத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர் அது. நான் நுழைந்த பட்டறையின் ஆசாரிக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். படத்தை வாங்கி நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. இத வச்சு என்னத்த வெட்டப் போறீக?" என்று கேட்டார். நான் அப்போது ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்டில் நாயக் பதவியில் இருந்தேன். வடகிழக்கு மாநிலக் காடுகளில் ஒரு சுற்றுப் பணியை முடித்து, அடுத்த சுற்றுக்குப் போகவிருந்தேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

படத்தில் இருந்தது இதுதான்: பத்து அங்குல அலகு, ஏழு மில்லிமீட்டர் முதுகு, இரு பக்கமும் வாய் (வெட்டும் விளிம்பு), முதுகின் அடியில் ரம்பப் பல், நடுவில் நீளமாக ஒரு பள்ளம், பிடிக்கும் அலகுக்கும் இடையே இருபுறமும் நீட்டிய தடுப்பு. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு படத்தில் பார்த்து மனத்தில் பதிந்தது. எதையும் என் கை கேட்டு நான் வரையவில்லை. அதற்கு முன் நான் வைத்திருந்த கத்தியும் அப்படிப் பார்வைக்காக வாங்கியதே. ஒரு மலைநகரக் கடைவீதியில், பிடிக்குள் தீப்பெட்டியும் தூண்டில் முள்ளும் அடங்கிய, மூடியில் திசைகாட்டி பதித்த பளபளப்பான கத்தி ஒன்றை வாங்கியிருந்தேன். ரோந்தில் நான்காம் நாள், மூங்கிலைப் பிளக்க அதன் முதுகில் கட்டையால் தட்டியபோது, அலகு ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமுமாகப் போயின. பிடி உள்ளீடற்ற குழாய். அலகின் காம்பு அதற்குள் கட்டைவிரல் நீளத்துக்குக்கூடப் போகாமல் ஒரு மரையில் நின்றிருந்தது. மொத்தப் பலமும் அந்த மரையில்தான் இருந்தது என்பது உடைந்த பிறகே தெரிந்தது.

ஆசாரி படத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகி, ஒரு மாதம் எதை எதை வெட்டுகிறேன் என்று எண்ணி வந்தால் அடித்துத் தருவதாகச் சொன்னார். எரிச்சலாக இருந்தது. ஆனால் பணிக்குத் திரும்பியதும், வீம்புக்காகவாவது ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். முப்பது நாள் கணக்கில் முதலிடம் மூங்கிலுக்கு: பாஷா என்ற தங்கும் மூங்கில் குடிலுக்குக் கால் நட, படுக்கைத் தட்டி கட்ட, விறகுக்குச் சிம்பு சீவ. அடுத்தது கயிறும் நைலான் நாடாவும். பிறகு ரேஷன் டின்களும் உறைகளும். மண்ணைக் கிளறியது, முளை சீவியது, வெங்காயம் நறுக்கியது, பூட்ஸ் அடியில் சிக்கிய கல்லை நெம்பியது எல்லாம் அதற்குக் கீழே வந்தன. ஒருமுறை காயம்பட்ட தோழரின் கால்சட்டையைக் கிழித்துத் திறக்க வேண்டியிருந்தது. அந்த ஒருமுறைதான் கத்தி உடனே கைக்கு வந்தாக வேண்டிய நேரம். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் என் கத்தி மனித உடம்பில் பட்டது இரண்டே முறை. இரண்டு முறையும் அது என்னுடைய விரல்.

இதைச் சொன்னால் போர்க்கத்தி என்ற பெயரின் கவர்ச்சி குறைந்துவிடுகிறது என்று இளைஞர்கள் வருத்தப்படுகிறார்கள். ஆனால் படைக்கத்திகளின் வரலாறும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக, ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர் 1940 இறுதியில் வடிவமைத்த கத்தி, குத்துவதற்கென்றே பிறந்தது: ஒடுங்கிய அலகு, ஊசி முனை, இருபுறமும் வாய். அந்த ஒரு வேலைக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் டின் திறக்கவும் பெட்டி நெம்பவும் எடுத்தவர்களின் கையில் அதன் முனை உடைந்தது. 1942-இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கத்தியோ ஏழு அங்குல அலகு, ஒரு பக்க வாய், கரிமம் மிகுந்த எஃகு, தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடி என்று ஒரு முரட்டு வேலைக்காரனாக இருந்தது. கா-பார் என்ற பெயரில் அது இன்றும் விற்பனையாகிறது. அதே போரின்போது ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் போ ராண்டல் என்பவர் கையால் செய்த கத்திகளைச் சிப்பாய்கள் கடிதம் எழுதித் தங்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். படை கொடுப்பது போதாமல் தனக்கென ஒரு கத்தியைத் தேடுவது நம் ஊர் ஆசை மட்டும் அல்ல.

எங்களுக்குப் பக்கத்துப் போஸ்டில் கோர்க்கா வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு ஹவில்தார் தம் குக்ரியை ஒரு நாள் முழுக்க என்னிடம் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொன்னார். முன்பக்கம் கனத்து வளைந்த அந்த அலகு, நான் அதுவரை எடுத்த எந்தக் கத்தியையும் விட ஆழமாக மூங்கிலில் இறங்கியது. ஆனால் வெங்காயம் நறுக்கவும் தக்கை சீவவும் அவர் அதைத் தொடவே இல்லை. உறையின் பின்புறம் செருகியிருந்த கர்தா என்ற சிறுகத்தியைத்தான் எடுத்தார். அதன் ஜோடியான, சக்மக் என்ற கூரில்லாத சிறுகத்தியால் குக்ரியின் வாயை அவ்வப்போது தீட்டிக்கொண்டார். ஒரே கத்தியை எல்லா வேலைக்கும் இழுக்கக் கூடாது என்பதை அவர்கள் உறையிலேயே தைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் செக்‌ஷனில் காடு வெட்ட தாவ் என்ற வடகிழக்கின் பெரிய வெட்டுக்கத்தி இருந்தது; ஆகவே என் இடுப்புக் கத்தி மரம் வெட்டியாக இருக்கத் தேவையில்லை, தாவ் கைக்கு எட்டாதபோது அதன் வேலையை ஓரளவு செய்தால் போதும் என்று அன்று முடிவுசெய்தேன்.

நோட்டுப் புத்தகத்தோடு திரும்பப் போனபோது ஆசாரி அதை வாங்கவில்லை. என்னையே படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க, தரையில் கரிக்கட்டியால் அவர் ஒரு கத்தியை வரைந்தார். அலகு ஆறரை அங்குலம். ஒன்பது அங்குலத்தைத் தாண்டினாலோ அகலம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போனாலோ, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அல்லாத கத்தி ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும் என்பதும் ஒரு காரணம்; இடுப்பில் கட்டி உட்கார்ந்தால் நீண்ட கத்தி தொடையைக் குத்தும் என்பது அதைவிட அன்றாடமான காரணம். முதுகு ஐந்து மில்லிமீட்டர். ஏழு கேட்ட என்னிடம், "தடிப்பு வெட்டாது தம்பி, சுமக்கத்தான் வைக்கும்" என்றார். வாய் ஒரு பக்கம் மட்டும். முதுகில் கட்டை விரலை வைத்து அழுத்தவும், மேலே கட்டையால் தட்டவும் இடம் வேண்டும் என்பதால். ரம்பப் பல் போயிற்று. உறைக்குள் நுழையும்போதெல்லாம் உறையை அறுப்பதைத் தவிர அந்தப் பல் என் நோட்டில் எந்த வேலையையும் செய்திருக்கவில்லை. முனை அலகின் நடுக்கோட்டுக்குச் சற்றே மேலாக, முதுகு கொஞ்சம் இறங்கி வந்து சேருமாறு அமைந்தது. அதனால் முனைக்கருகிலும் சதை இருந்தது, டின்னில் குத்தித் திருப்பினாலும் தாங்கியது. நடுப் பள்ளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல், கரிக்கோட்டை விரலால் அழித்துவிட்டார்.

இனி இரும்பு. பழங்காலத்தில் உருக்குக்குப் பெயர்பெற்ற கொடுமணல் நம் நாட்டில்தான் இருக்கிறது என்று பெருமை பேசலாம். எனக்குக் கிடைத்தது லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. வண்டிப் பட்டைக்கான எஃகு, பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் உடையாமல் திரும்பி நிற்பதற்கென்றே செய்யப்பட்டது, ஏறக்குறைய 0.55 முதல் 0.6 சதவீதம் வரை கரிமமும், கூடவே குரோமியமோ சிலிக்கானோ கலந்திருக்கும். பால் பேரிங் எஃகில் கரிமம் ஒரு சதவீதத்தை எட்டும். கூர் அதிக நேரம் நிற்கும், ஆனால் காய்ச்சித் துவைக்கும்போது, அதாவது சிவந்த அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென முக்கிக் கடினமாக்கும்போது, சிறு தவறைக்கூட மன்னிக்காது. துருப்பிடிக்காத எஃகுகளிலும் நல்லவை உண்டு. அவற்றுக்கு வெப்பத்தைக் கருவியால் அளந்து பிடித்து வைக்கும் உலை வேண்டும், துருத்தியும் கரியும் போதாது. ஆகவே, கிராமத்துப் பட்டறையில் கத்தி அடிக்கச் சொல்பவர், அந்தப் பட்டறைக்குக் கைவந்த எஃகையே கேட்பது நல்லது.

பழைய பட்டையில் ஒரு ஆபத்து இருக்கிறது. பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடியிருக்கலாம். ஆசாரி முதலில் பட்டையைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிக் கேட்டார். மணிபோல் நீண்டு ஒலித்தால் சரி, சட்டென்று அடங்கினால் தூக்கிப் போட்டுவிடுவார். பிறகு பட்டையைத் தேய்த்துச் சுத்தமாக்கி, மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் துணியால் நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். ஓரிடத்தில் தலைமுடி போன்ற ஈரக்கோடு ஒன்று பொடியின் மேல் மெல்லத் தெரிந்தது. வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் பொடிக்கு ஏறி வந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் பட்டையை ஒதுக்கிவிட்டு, ஸ்பிரிங் கடையில் மிச்சமான புதுத் துண்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். இரண்டாவது கத்தியிலிருந்து நான் பழைய பட்டையைத் தேடாமல் நேராகப் புதுத் துண்டைத்தான் கொடுக்கிறேன். எந்த ரக எஃகு என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை.

இரண்டாவது என்று சொன்னேன் அல்லவா? முதல் அலகு துவைச்சலில் போயிற்று. தவறு என்னுடையது. அவர் எண்ணெயில் துவைக்கலாம் என்றார். தண்ணீரில் துவைத்தால் இன்னும் கடினமாகும் என்று எங்கோ படித்ததை வைத்து நான் பிடிவாதம் பிடித்தேன். சிவந்த அலகு தொட்டியில் இறங்கியபோது, நீராவிச் சத்தத்துக்கு நடுவே 'டிங்' என்று ஒரு சிறிய ஒலி கேட்டது. ஆசாரி அலகை வெளியே எடுக்காமலே குறட்டைக் கீழே வைத்துவிட்டார். வாயிலிருந்து முதுகை நோக்கி ஓர் அங்குலத்துக்கு வெடித்திருந்தது. நேபாளத்துக் கொல்லர்கள் குக்ரிக்குத் தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் முழு அலகையும் முக்குவதில்லை, கெண்டியிலிருந்து வாயின் ஓரமாக மட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். பல தலைமுறைக் கைப்பழக்கம் அது. நான் படித்ததில் அந்தக் கெண்டி இல்லை.

அடுத்த அலகில் அவர் வழிக்கே விட்டேன். அடித்து உருவம் வந்த பிறகு மூன்று முறை காய்ச்சி, காற்றிலேயே ஆறவிட்டார். சம்மட்டி அடியில் இரும்புக்குள் ஏறிய முறுக்கு அப்போதுதான் தளரும். பிறகு பொழுது சாயும் வரை காத்திருந்தார். வெயிலில் காய்ச்சினால் சிவப்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். அரை இருட்டில்தான் இளஞ்சிவப்பும் செஞ்சிவப்பும் பிரிந்து தெரியும். ஒரு கம்பியில் ஒலிபெருக்கியின் பழைய காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காய்ந்த அலகு ஏறக்குறைய 770 டிகிரி செல்சியசில் காந்தத்தை ஒட்டாமல் விடுகிறது. அதற்கு மேல் நிறம் ஒரு படி ஏறும் வரை, கண்ணளவில் 850 டிகிரி வாக்கில், வைத்திருந்து, கை பொறுக்கும் சூட்டில் இருந்த கடலை எண்ணெயில் முனை முதலாகச் செங்குத்தாக இறக்கினார். பக்கவாட்டில் ஆட்டினால் அலகு கோணும். முன்னும் பின்னுமாக, அரிவது போலவே அசைத்தார். 'டிங்' வரவில்லை. ஆறிய வாயில் அரத்தை வைத்துத் தள்ளினார். கண்ணாடியில் வழுக்குவது போல் அரம் வழுக்கியது.

அந்த நிலையில் அலகு கண்ணாடியைப் போலவே உடையவும் கூடியது. அதைப் பதப்படுத்த ஏறக்குறைய 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை சூட்டில் வைக்க வேண்டும். பட்டறையில் அப்படி ஒரு சூட்டை நிலையாகப் பிடிக்க வழியில்லை. ஊரில் ஒரு பேக்கரி இருந்தது. மாலை பன் சுட்டு முடித்த அடுப்பில், தட்டில் மணல் பரப்பி, கத்தியை அதில் புதைத்து உள்ளே தள்ளினோம். பேக்கரிக்காரர், "ரொட்டில எண்ண வாசம் ஏறுச்சுன்னா நீங்கதான் வாங்கிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். மறுநாள் தேய்த்து வைத்திருந்த பக்கத்தில் வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. சரியான பதத்தின் அடையாளம் அது. பிறகு வாயை ஈர மணலில் புதைத்துக்கொண்டு முதுகை மட்டும் தீநாவால் நீல நிறம் வரும் வரை சூடேற்றினார். 300 டிகிரியை ஒட்டிய சூடு. வாய் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் ஆவது இந்தக் கடைசிக் கால் மணி நேர வேலையில்தான். கத்தியைப் பற்றி விற்பவர்கள் அலகின் உருவத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். இந்த வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வைப்பதே கடினம். நான் முதலில் கேட்பது அதைத்தான்: எந்த எஃகு, எதில் துவைத்தீர்கள், எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் பதப்படுத்தினீர்கள்? தயங்காமல் பதில் சொல்பவர் கத்தி அடித்தவர். "ஸ்பெஷல் ஸ்டீல் சார்" என்பவர் கத்தி வாங்கி விற்பவர்.

பிடிக்குத் தோதகத்தி மரம் போட ஆசைப்பட்டேன். வடகிழக்கின் மழையில் மரம் உப்பியும் வெயிலில் சுருங்கியும் ஆணிகளை ஆட்டிவிடும் என்று எங்கள் யூனிட்டில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் சொன்னதால், மின்பலகைகளுக்குப் பயன்படும் துணி வகை ஹைலம் தகட்டை மதுரையில் வாங்கினேன். பருத்தித் துணி அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது அது. வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் மைகார்ட்டா என்று கொண்டாடுவதும் ஏறக்குறைய இதே பொருள்தான். அதன் மேற்பரப்பை மெருகேற்றக் கூடாது. சற்று சொரசொரப்பாக விட்டால் நனைந்த கையில் வழுக்காது. காம்பு பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் ஓடியது. அரால்டைட் பசை பூசி மூன்று பித்தளை ஆணிகளால் இரு பக்கத் தகடுகளையும் இறுக்கினோம். காம்பில் முன்கூட்டியே துளைகள் போட்டுக் கனத்தைக் குறைத்ததில், கத்தியை ஒரு விரலில் நிறுத்தினால் தடுப்புக்கு ஒரு விரற்கடை பின்னால் சமநிலை கிடைத்தது.

பிடியின் உருவத்தை நான் மூன்று முறை மாற்றினேன். முதலில் பூவரசங் கட்டையில் வெறும் பிடியை மட்டும் செதுக்கி, அதில் கரித்தூளைப் பூசி, இருபது நிமிடம் வெட்டுவது போல வீசினேன். பிறகு உள்ளங்கையைப் பார்த்தால், கரி எங்கே அடர்த்தியாக ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் மறுநாள் கொப்புளம் வரப்போகிறது என்று தெரிந்தது. சுண்டுவிரலின் அடியில் ஒரு மூலை உறுத்தியது, அதை வழித்தோம். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடிகள் கடையில் கையில் எடுக்கும்போது பொருத்தமாகத் தோன்றும். பிடியைத் திருப்பிப் பிடித்தால், அல்லது கையுறை போட்டால், அதே பள்ளங்களின் மேடுகள் எலும்பில் ஏறும். குறுக்குவெட்டு முட்டை வடிவமாக இருப்பது முக்கியம்: இருட்டில் உருவினாலும் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிய வேண்டும். உருண்டைப் பிடி அதைச் சொல்லாது. தடுப்பு, வாயின் பக்கம் மட்டும் ஓர் ஆள்காட்டி விரல் தடிமனுக்கு இறங்கினால் போதும். இருபுறமும் நீண்டது தோள்பட்டை வாரிலும் வலைத்துணியிலும் மாட்டி, தவழும்போது தொல்லை தரும்.

உறையில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். தோல் உறை ஒன்றை ஆசையோடு தைக்கச் சொன்னேன். இரண்டு மாத மழையில் அது பூசணம் பூத்து, ஊறிய தோல் கத்தியின் மேல் ஈரத்தைப் பிடித்து வைத்து, நான் நாளும் எண்ணெய் போட்டும் அலகில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறியது. தோல் பதனிடும் உப்புகளும் அதற்குத் துணைபோயிருக்க வேண்டும். அதன்பின் இரண்டங்குல பி.வி.சி. குழாயைத் துண்டாக்கி, அடுப்பு அனலில் இளக்கி, பலகைகளுக்கு நடுவே தட்டையாக அழுத்தி, கத்தியை உள்ளே வைத்தபடியே ஆறவைத்து ஒரு உறை செய்தேன். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. பார்க்க அழகில்லை, ஆனால் காய்ந்தே இருந்தது, தலைகீழாகத் தொங்கவிட்டாலும் கத்தி விழவில்லை. ஒரு குறை மட்டும் இருந்தது: உருவும்போது 'டக்' என்று ஒரு சத்தம். இரவு ரோந்தில் அந்தச் சத்தம் பத்தடிக்கு அப்பால் கேட்கும். உறையின் வாயில் உள்பக்கமாகப் பழைய கான்வாஸ் துணியின் ஒரு பட்டையை ஒட்டிய பிறகு அது அடங்கியது. நடக்கும்போது உறை தொடையில் ஆடும் சத்தத்துக்கு, கீழே ஒரு கயிறு கட்டிக் காலோடு முடிந்துகொண்டேன்.

அலகு பளிச்சென்று வெயிலைத் திருப்பியடிப்பதற்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. கறுப்புச் சாயம் மூங்கிலில் பத்து வெட்டுக்குள் உரிந்துவிட்டது. மாங்காய் நறுக்கிய அரிவாள்மனை கறுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விடை வீட்டிலேயே இருக்கிறது: கெட்டியாகக் கரைத்த புளியை அலகில் பூசி இரண்டு மணி நேரம் வைத்துக் கழுவினேன், சாம்பல் படர்ந்த கறுப்பு ஏறியது. அது துருவை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும். மற்றதற்கு ரைஃபிளுக்குப் போடும் எண்ணெயே போதும்.

யூனிட்டுக்குக் கொண்டுபோகும் முன் பட்டறையிலேயே சோதித்தோம். பித்தளைக் கம்பியின் மேல் வாயைச் சாய்த்து அழுத்தினால், வாய் மெல்ல வளைந்து, எடுத்ததும் நேராகத் திரும்ப வேண்டும்; வளைந்தே நின்றால் பதம் மென்மை, வாய் பெயர்ந்தால் பதம் கடினம். வாயின் கோணம் பக்கத்துக்கு 20 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக வைத்திருந்தோம். சமையலறைக் கத்தியைப் போல மெலிதாக்கினால் மூங்கில் கணுவில் பல் விழும். காய்ந்த மூங்கிலில் ஐம்பது வெட்டு, உடனே ஒரு காகிதத்தை அறுத்துப் பார்த்தல், பலகையில் முனையைக் குத்திப் பக்கவாட்டில் நெம்புதல், பட்டறை இடுக்கியில் முனையை இறுக்கி முப்பது டிகிரி வளைத்து விடுதல். எல்லாவற்றிலும் தேறியது, வளைத்தபோது மட்டும் நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். உங்கள் கத்தியை இடுக்கியில் வளைக்கச் செய்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். அதே எஃகில், அதே துவைச்சலில் செய்த ஒரு துண்டையாவது உங்கள் எதிரில் உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகம் சாம்பல் பட்டுப் போல நுண்மையாக இருக்க வேண்டும். சர்க்கரை போலப் பெரிய மணிகளாக மின்னினால், அளவுக்கு மீறிக் காய்ச்சியிருக்கிறார்கள்.

கடைசியாக நடைமுறை. சொந்தக் கத்தியை இடுப்பில் கட்டுவது ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரே மாதிரி அனுமதிக்கப்படுவதில்லை. நான் கம்பெனி கமாண்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே கட்டினேன். விடுமுறைப் பயணத்தில் அதைப் பெட்டிக்குள் துணியில் சுற்றி அடியில் வைத்துப் பூட்டினேன், இடுப்பில் ஒருபோதும் அல்ல. விமானத்தில் என்றால் கைப்பெட்டியில் வைக்கவே கூடாது. ஊரில் கடைத்தெருவுக்கு அதைச் செருகிக்கொண்டு போகும் ஆசை சிலருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அது காவல் நிலையத்தில் முடியும் ஆசை.

கத்தியோடு ஒரு சிறிய சாணைக்கல்லையும் எப்போதும் வைத்திருந்தேன். மழுங்கிய பிறகு மணிக்கணக்கில் தீட்டுவதைவிட, ஒவ்வோர் இரவும் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுப்பது எளிது. பதினோரு ஆண்டு அப்படி இழுத்ததில் அலகின் அகலம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. ஓய்வுபெற்று வந்த ஆண்டு அதை எடுத்துக்கொண்டு ஆசாரியைப் பார்க்கப் போனேன். அவர் கண் மங்கியிருந்தது, கட்டை விரலைக் குறுக்காக வைத்து வாயைத் தடவினார், காம்பு ஆணிகளை நகத்தால் தட்டினார், பிறகு பிடியைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தப் படத்த இன்னும் வச்சிருக்கீகளா?" என்று கேட்டார். இல்லை, ஒரு மழை நாளில் அடுப்புப் பற்ற வைக்கப் பயன்பட்டது என்றேன். சிம்பை எதில் சீவினேன் என்று அவர் கேட்கவில்லை.